கண்ணைக் காப்போர் நால்வர்

தமிழிலே உறுப்புகளின் பெயர் பல உள. அவற்றுள் ‘கண்’ என்னும் பெயர் பெற்ற பேற்றைப் பிற பெயர்கள் பெற்றில. உறுப்பை உணர்த்தும் அச்சொல்லே இடத்தையும் உணர்த்தி, ஏழாம் வேற்றுமை உருபாகியும் நிற்கின்றது. மூங்கிலின் கணுவும் கண். முழவில் அறையப்படும் இடமும் கண். நீர் சுரக்கும் வாயும் ஊற்றுக்கண். பிறர் துன்பங்கண்டு இரங்கும் பண்புக்குக் கண்ணோட்டம் என்று பெயர். பெற்ற பிள்ளையையும் கற்ற கல்வியையும் கண் என்றே போற்றினோம். தம் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பரையும், கண்ணிழந்து பாடிச் சென்று காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றக் கண்ணும் பெற்ற சுந்தரரையும் நினைந்து உருகாத தமிழ் நெஞ்சம் இல்லை. நோய் தீர வேண்டிக்கொண்டு அம்மன் சந்நிதியிலே வெள்ளிக் கண்மடல் சாத்தும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு.

இத்துணை அருமையாகப் போற்றும் கண்ணை, மருத்துவர் கைபட்டு ஒளிபெற்ற பின்னர், சின்னாளில் மீண்டும் இழந்துவிடுவோர் சிலர் இருக்கின்றனர். அவ்விழப்பைப் பற்றிப் பேசும்போது ஊரார் ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். ‘விதி’ என்பதே அச்சொல். அச்சொல்லோடு வழக்காடுவதே இக்கட்டுரையின் நோக்கம். யான் மருத்துவன் அல்லேன், தமிழாசிரியன். ஆயினும் ஒரு சொல் தகாத இடத்தில் வழங்கப்படுமாயின், அதனைத் தடுத்துக் கேட்பது தமிழாசிரியன் கடமை அன்றோ?

முதலில் நோய் இன்னதென அறிதல் வேண்டும். கண்ணின் பாவைக்குப் பின்னே தெளிந்த வில்லை ஒன்றை இயற்கை அமைத்துள்ளது. முதுமையில் அவ்வில்லை மங்குகின்றது. அதனையே கண்புரை என்கின்றோம். வெண்படலம் என்பாரும் உளர். சொட்டு மருந்தால் அது கரையாது. சத்திரசிகிச்சையால் அகற்றவே வேண்டும். ஊசியால் அம்மங்கிய வில்லையைப் பார்வைக்கு மறைக்காதவாறு தள்ளிவிடும் முறை சுச்ருதர் நூலிலே கூறப்பட்டிருக்கின்றது. அதனை வெளியே எடுத்துவிடும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் டாவியேல் 1747ஆம் ஆண்டில் கையாண்டார். எடுத்த இடத்திலே செயற்கை வில்லை வைக்கும் முறையை 1949ஆம் ஆண்டில் இலண்டனில் ஹரோல்ட் ரிட்லி தொடங்கினார். இன்று சில மில்லிமீற்றர் அளவான வெட்டின் வழியே, பெரும்பாலும் தையலே இன்றி, அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் இது நடந்துவிடுகின்றது. காலையில் கைபிடித்து அழைத்துவரப்பட்ட முதியவர், மறுநாள் பேரப்பிள்ளையின் முகம் கண்டு சிரிக்கின்றார். இதனினும் பெரிய நன்மையை மருத்துவக் கலை விரைவில் செய்துகாட்டும் இடம் வேறு உண்டோ என ஐயுறுகின்றேன்.

ஆனால், வெட்டு எத்துணைச் சிறிதாயினும் அது ஒரு வாயிலே ஆகும். நம் இமையின் ஓரத்திலும் வெண்விழியின் மேலும் நுண்ணுயிர்கள் எப்போதும் குடியிருக்கின்றன. பற்றீரியா எனப்படும் அவை வெளியே இருக்குமளவும் நமக்குத் தீங்கு செய்வதில்லை. முற்றத்தில் நிற்கும்போது சாதுவான மாடு, வேலி தாண்டி விளைந்த வயலுள் புகுந்தால் என்ன செய்யும்? அதுபோலவே, வெளியே தீங்கற்றிருந்த கிருமி உள்ளே புகுந்தால் கண்ணை அழித்துவிடுகின்றது. கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் பளிங்கு போன்ற பாகில் குருதிக் குழாய்கள் இல்லை. ஆதலின் உடம்பின் காவற்படை அங்கே விரைந்து செல்ல இயலாது; வாயால் உண்ணும் மருந்தும் வேண்டுமளவு சென்று சேராது. கிருமி தடையின்றிப் பெருகுகின்றது. கண் சிவக்கின்றது, நோகின்றது, இமை வீங்குகின்றது, கிடைத்த பார்வை மங்குகின்றது. கண்ணின் உள்ளழற்சி என்று தமிழில் சொல்லத்தக்க இந்நோயை மருத்துவர் எண்டொப்தல்மைற்றிஸ் என்பர். பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் இரண்டு வாரங்களுள் இது தோன்றும். நாளைக்கு எனத் தள்ளிப்போடத்தக்கதன்று. கண்ணுக்குள்ளேயே மருந்தை ஊசியால் ஏற்றி உடனே மருத்துவம் செய்ய வேண்டுவது.

கிருமியைப் பற்றிய அறிவு இல்லாத காலத்தில் இத்தகைய இடர்கள் அரசரையும் அறிஞரையும் விட்டுவைக்கவில்லை. செருமனியின் பெரும் இசைமேதை பாஃக், 1750ஆம் ஆண்டில் கண் மருத்துவன் ஒருவனிடம் இருமுறை சத்திரசிகிச்சை செய்துகொண்டார். பார்வை திரும்பவில்லை, நோயுற்று அவ்வாண்டிலேயே, சில திங்களுக்குள், இறந்தும் போனார். அக்காலத்தார் அதனை விதி என்றால் மன்னிக்கலாம். காரணம் அறியாதார்க்கு விதி என்பது ஓர் ஆறுதல். காரணம் அறிந்தபின்பும் அச்சொல்லையே சொல்லிக்கொண்டிருப்பது ஆறுதல் அன்று. கடமையை மறைக்கும் திரை.

வள்ளுவர் ஊழ் என்று ஓர் அதிகாரம் வகுத்தவர்தாம். ஆயினும் அவரே மருந்து என்றும் ஆள்வினையுடைமை என்றும் அதிகாரங்கள் வகுத்தார். மருந்து அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நால்வகையை நிறுத்தினார். உரை வகுத்த பரிமேலழகர் ஒவ்வொன்றையும் மேலும் நந்நான்காக விரித்துப் பதினாறாக்கினார். அப்பதினாறனுள் ஒன்று என் உள்ளத்தை எப்போதும் ஈர்ப்பதுண்டு. மனமும் மொழியும் மெய்யும் தூயனாதல் வேண்டும் என்பதை அவர் மருத்துவனுக்கும் கூறுகின்றார். அருகிருந்து பேணுவோனுக்கும் மறவாது கூறுகின்றார். கிருமி என்னும் பொருளை நுண்ணோக்கி காட்டுவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே, தூய்மை இருபாலார்க்கும் பொது என்று எழுதிவைத்த உரை அது. இந்நால்வகையையே அளவுகோலாகக் கொண்டு, புரை அகற்றிய கண்ணை யார் யார் எவ்வெவ்வாறு காத்தல் வேண்டும் என ஆராய்வோம்.

முதற் காவலன் மருத்துவன். இங்கு மருத்துவன் என்றது சத்திரசிகிச்சைக் கூடத்திலுள்ள அனைவரையும் குறிக்கும். அவர்களுடைய காவல் கத்தி எடுப்பதற்கு முன்னரே தொடங்குகின்றது. இமையோரத்தில் அழற்சி உண்டா, கண்ணீர்ப் பையில் சீழ் உண்டா, நீரிழிவு கட்டுக்குள் இருக்கின்றதா என்று பார்த்து, குறையிருப்பின் அதனை முதலில் தீர்த்தல் வேண்டும். அதன்பின், சத்திரசிகிச்சைக்குச் சற்று முன்னர், 5 சதவீத பொவிடோன் அயடீன் கரைசலைக் கண்ணில் விட்டுச் சில நிமிடம் இருக்க விடுகின்றனர். விலை மலிந்த மருந்து. செய்யும் காவலோ பெரிது. இதனால் உள்ளழற்சி குறைவதை நியூயோர்க்கில் நடத்தப்பட்டு 1991ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. இன்று உலகெங்கும் இது நடைமுறை.

இரண்டாவது, சத்திரசிகிச்சை முடியும் தறுவாயில் கண்ணின் முன்னறைக்குள்ளேயே நுண்ணுயிர்க்கொல்லியைச் சிறிதளவு செலுத்துதல். ஐரோப்பியக் கண்புரைச் சத்திரசிகிச்சையாளர் சங்கம் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் நடத்தி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, செபியூரொக்சைம் என்னும் மருந்தை இவ்வாறு செலுத்தியபோது நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததைக் காட்டியது.

இதனினும் நமக்கு நெருங்கிய சான்று மதுரையில் இருக்கின்றது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்த நிறுவனம். ஏழைக்கும் எட்டும் விலையில் வில்லையும் மருந்தும் செய்வதற்கென அதனோடு சேர்ந்த ஒளரோலாப் 1992ஆம் ஆண்டில் தோன்றியது. மொக்சிபிளொக்சசின் என்னும் மருந்தைக் கண்ணின் முன்னறையில் செலுத்தத் தொடங்கிய காலத்துக்கு முன்னும் பின்னுமாக, ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை ஒப்பிட்டு அம்மருத்துவமனையார் 2017ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். முன்னே, பதினாயிரம் கண்களுக்கு ஏழு கண்கள் வீதம் உள்ளழற்சி உற்றன. பின்னே, பதினாயிரத்துக்கு இரண்டு.

இக்கணக்கை வாசகர் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏழு இரண்டாயிற்று. நடுவே மறைந்த ஐந்து கண்களின் விதியை மாற்றியது எது? கோளும் மாறவில்லை, நாளும் மாறவில்லை. ஒரு துளி மருந்தும், அதனைத் தவறாது செலுத்திய ஒழுங்கும், செய்ததை எல்லாம் எண்ணி எழுதிவைத்த நேர்மையுமே மாற்றின. மாற்றக்கூடியதை விதி என்று அழைத்தல் சொற்குற்றம் மட்டும் அன்று, பொருட்குற்றமும் ஆகும்.

ஒழுங்கு தளர்ந்த இடத்தில் நேர்வது யாது என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2008ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவசக் கண் முகாம் ஒன்றின் வழியே சத்திரசிகிச்சை பெற்ற ஏழை மக்கள் 66 பேர் கிருமித்தொற்றால் பார்வையிழந்தனர். இலவசமாகக் கொடுப்பது அறம். ஆனால் இலவசம் என்பதனால் தூய்மையிற் சிறிதும் குறையலாகாது. ஒரே நாளில் பலருக்குச் செய்யும் இடத்தில், கருவிகளைக் கொதிநீராவியில் கிருமியழித்தலும், ஒவ்வொருவருக்கும் கையுறை மாற்றுதலும், கண்ணைக் கழுவும் நீர்மத்தின் தூய்மையை உறுதிசெய்தலும் இருமடங்கு விழிப்போடு நடைபெற வேண்டும். ஒருவருக்கு நேரும் பிழை ஒருவரோடு நிற்கும். பலருக்கும் பொதுவான நீர்மத்தில் நேரும் பிழை பலரையும் வீழ்த்தும்.

இரண்டாம் காவலன் மருந்து. மருந்தே நஞ்சாகும் கொடுமையை நம் நாடு அண்மையிற் கண்டது. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை பெற்றோருட் சிலர் பார்வை இழந்தனர். சத்திரசிகிச்சைக்குப் பின் அவர்களுக்கு விடப்பட்ட பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தின்மேல் ஐயம் சென்றது. கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலையிலும் அம்மருந்தைப் பெற்றோர் தொற்றுக்கு ஆளாயினர். இந்தியாவின் குசராத்தில் செய்யப்பட்டு இறக்குமதியான அம்மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டில், சென்னைக்கு அருகே செய்யப்பட்ட செயற்கைக் கண்ணீர்த் துளிமருந்தொன்றோடு தொடர்புடைய கிருமித்தொற்று அமெரிக்காவிலே 18 மாநிலங்களில் 81 பேரைப் பற்றியது. 14 பேர் பார்வையிழந்தனர், 4 பேர் உயிரிழந்தனர். கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தல் முற்றும் கிருமியற்றதாக இருத்தல் வேண்டும் என்பது மருந்தியலின் அரிச்சுவடி. அவ்வரிச்சுவடி பிழைத்தால் மருத்துவனின் திறமையும் நோயாளியின் ஒழுக்கமும் ஒருங்கே வீணாகும்.

நுவரெலியாவில் கண்ணிழந்தோர் யாது பிழை செய்தனர்? வைத்தியசாலை கொடுத்த மருந்தைச் சொன்னபடி விட்டுக்கொண்டதே அவர்கள் செய்தது. அவர்களைப் பார்த்து விதி என்று சொல்ல எவருக்கு நா எழும்? 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் நம் நாட்டில் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைக்கப்பட்டிருக்கின்றது. பணமுடை வந்த காலத்தில் மருந்துத் தட்டுப்பாடு தோன்றுவது இயல்பு. ஆயினும் தட்டுப்பாட்டைக் காரணங்காட்டிச் சோதனையைத் தளர்த்துதல், பசியைக் காரணங்காட்டி நஞ்சை உண்பிப்பதனோடு ஒக்கும். எளிதிற் கிடைத்தலை மருந்தின் இலக்கணங்களுள் ஒன்றாகப் பரிமேலழகர் கூறினார் என்பது மெய்யே. ஆயின் ஆற்றலில் மேம்பட்டிருத்தலையும் அதனோடு சேர்த்தே கூறினார்.

மூன்றாம் காவலரும் நான்காம் காவலரும் வீட்டில் இருக்கின்றனர். அவர்கள் நோயாளியும், அவரைப் பேணும் மனைவி, மகள், மருமகள், பேரன் ஆகியோரும் ஆவர். இவர்களுடைய காவல் எளியது. ஆனால் நம் வாழ்க்கை முறையோடு நெருங்கிப் பிணைந்தது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் நம் மக்கள் நீரோடும் சேற்றோடும் வாழ்பவர். எழுவான்கரையில் வலைவீசும் முதியவர் மார்பளவு நீரில் நிற்பவர். படுவான்கரையில் வேளாண்மை செய்பவர் வட்டையிலே பகல் முழுதும் கிடப்பவர். பெரும்போக அறுவடையின்போது தூசியும் உமியும் காற்றோடு பறக்கும். அடுக்களையில் ஈரவிறகை ஊதி ஊதி எரிப்பவர் இன்னும் உளர். ஆடி அமாவாசையில் மாமாங்கேசுவரர் தீர்த்தத்தில் மூழ்காமல் இருக்க ஒப்பாத நெஞ்சு நம் முதியோர் நெஞ்சு. இவையெல்லாம் நம் வாழ்வின் அழகு. ஆனால் வாவி நீரிலும் குளத்து நீரிலும் கண்ணைக் கெடுக்கும் கிருமிகள் உண்டு. புண் ஆறும்வரை நீரையும் தூசியையும் விலக்குதல் வேண்டும். தீர்த்தம் அடுத்த ஆண்டும் வரும். கண் அவ்வாறு வாராது.

நாட்டு வைத்தியத்தை யான் இகழேன். நந்தியாவட்டைப் பூவும் தேனும் தாய்ப்பாலும் நம் முன்னோர் கண்ணுக்கு வழங்கியவை. ஆனால் அவர்கள் காலத்தில் கண்ணைத் திறந்து வில்லை வைக்கும் முறை இருந்ததில்லை. வெட்டுண்ட கண்ணில் கிருமியழிக்கப்படாத எதனையும் விடுதல், அது எத்துணை நல்ல பொருளாயினும், கேடாகவே முடியும்.

இனி, இந்நால்வரையும் இணைக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். அதுவே என் தொழிலுக்கு உரியது. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதலானேன். இந்நால்வரையும் இணைப்பது மொழி.

படுவான்கரை முதியவர் ஒருவர், புரை அகற்றி வந்தபின், தமக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல் தாளை என்னிடம் கொண்டுவந்தார். ‘தொற்று நீக்கப்பட்ட சூழலைப் பேணுக; மருந்து மாசுறுதலைத் தவிர்க்குக; பாதக அறிகுறி தோன்றின் அறிவிக்குக’ என்று அதில் அச்சிட்டிருந்தது. “தொற்று எண்டா என்ன வாத்தியார்? எனக்குச் சொறியுமில்ல, சிரங்குமில்லையே,” என்றார். நகைத்துவிட்டுப் போகத்தக்க சொல் அன்று அது. அத்தாளில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் அது தமிழ் எழுத்தில் இருந்ததேயன்றி, அவர்க்கு விளங்கும் தமிழில் இல்லை. பாதக அறிகுறி என்பதைப் பாட்டன் அறியான். ‘கண் நோகுது’ என்பதை அறிவான். நோகும் கண்ணோடு, அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று அவர் வீட்டில் இருந்துவிட்டால், அவர் கண்ணைக் கெடுத்தது கிருமி மட்டுமா? அச்சிட்ட நம் தமிழுக்கும் அதிற் பங்கு உண்டு.

அவர்க்காக யான் வேறொரு தாள் எழுதி, வைத்தியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக் கொடுத்தேன். அது வருமாறு:

‘கண்ணில் மருந்து விடுமுன் இரண்டு கைகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். போத்தலின் நுனி கண்ணிலோ இமையிலோ விரலிலோ படக்கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். உங்கள் மருந்தை வேறொருவருக்கு விடவேண்டாம். கண்ணைக் கசக்க வேண்டாம். வைத்தியர் சொல்லும்வரை தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். குளத்திலும் வாவியிலும் கடலிலும் இறங்க வேண்டாம். தாய்ப்பால், தேன், பூச்சாறு ஒன்றும் விட வேண்டாம். கண் நோகிறதா? சிவக்கிறதா? நேற்றுத் தெரிந்த அளவு இன்று தெரியவில்லையா? கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். இரவானாலும் உடனே வாருங்கள்.’

இதில் கலைச்சொல் ஒன்றும் இல்லை. கலைச்சொல் வேண்டாம் என்பதும் என் கருத்தன்று. நூலுக்குக் கலைச்சொல் வேண்டும். நோயாளிக்கு வீட்டுச்சொல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறும் சத்திர வைத்தியமும் தமிழ் நூல்களாக வெளிவரச் செய்தார். கடல்கடந்து வந்த ஒருவர், நோயாளியின் மொழி மருத்துவனுக்கு வேண்டும் என்று கண்டார். காரைதீவிலே 1892ஆம் ஆண்டில் பிறந்த நம் விபுலாநந்த அடிகள், விஞ்ஞானமும் முத்தமிழும் ஒருங்கு கற்றவர். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர். இவ்விருவர் வழியில் வந்த நமக்கு, ஒரு தாளளவு நல்ல தமிழ் எழுத இயலாதோ?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கிருமித்தொற்றைப் பற்றி இவ்வளவு பேசினால் மக்கள் அஞ்சிச் சத்திரசிகிச்சைக்கே வாராது போய்விடுவர். ஆதலின் பேசாதிருத்தலே நன்று என்பர் சிலர். இதனை யான் உடன்படேன். நல்ல முறையில் நடக்கும் இடத்தில் இந்நோய் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகின்றது என்பதை மேலே காட்டிய கணக்கே சொல்லும். புரையை அகற்றாது இருப்பவர்க்கோ பார்வை குன்றுவது உறுதி. ஆதலின் அஞ்ச வேண்டுவதில்லை. விழிப்பாக இருத்தலே வேண்டும். மேலும், அச்சத்தை வளர்ப்பது பேச்சன்று, மறைப்பே. ஓர் ஊரில் ஒருவர் கண் போய், காரணம் சொல்லப்படாதுவிடின், அவ்வூரில் பத்துப் பேர் புரையோடு இருந்துவிடுகின்றனர். காரணம் இன்னது, திருத்தம் இன்னது என்று சொல்லப்படுமாயின் அந்தப் பத்துப் பேரும் வருவர்.

கணக்கெழுதி வைத்தல் நமக்குப் புதிதும் அன்று. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் (1777–1832), தம்மிடம் கண் மருத்துவத்துக்கு வந்தோரின் நிலையைக் கண்ணின் ஓவியத்தோடு குறித்துவைக்கச் செய்தார். சரசுவதி மகாலில் அக்குறிப்புகள் காக்கப்பட்டுள்ளன. இருநூறு ஆண்டுக்கு முன் ஓர் அரசன் செய்வித்ததை இன்றைய அரசுகள் செய்ய வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

ஆதலின் யான் வேண்டுவன இவை. கண்புரைச் சத்திரசிகிச்சை நடக்கும் ஒவ்வொரு வைத்தியசாலையும், ஆண்டுதோறும் எத்தனை கண்களுக்குச் செய்தது, எத்தனை கண்கள் தொற்றுற்றன என்பதை வெளியிட வேண்டும். முன்னறையிற் செலுத்தும் மருந்து நகரத்து வைத்தியசாலைக்கும் நாட்டுப்புறத்து வைத்தியசாலைக்கும் வேறுபாடின்றி, இடையறாது கிடைக்க வேண்டும். இறக்குமதியாகும் கண் மருந்தின் ஒவ்வொரு தொகுதியும் கிருமியின்மைச் சோதனை தேறிய பின்னரே நோயாளியிடம் செல்ல வேண்டும். வீடு செல்லும் நோயாளிக்குக் கொடுக்கும் தாளைத் தாதியர் வாய்விட்டு வாசித்து, அவரையோ அவருடன் வந்தவரையோ திருப்பிச் சொல்லச் செய்து, பிறகே அனுப்ப வேண்டும். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறந்தபின் வாவி கடக்கும் வழி எளிதாயிற்று. ஆயினும் படுவான்கரையின் உள்ளூர்களிலிருந்து நள்ளிரவில் வண்டி பிடித்து மட்டக்களப்பு நகருக்கு வருதல் இன்றும் ஏழைக்கு அரிது. ‘கண் நோகுது’ என்று ஒருவர் சொன்னால், அவ்விரவே அவரை ஏற்றிவர ஓர் ஒழுங்கு வேண்டும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு சொல். கண்புரை முதியோர் நோய். மருந்து விடும் கையோ பெரும்பாலும் பேரப்பிள்ளையின் கை. கை கழுவுதலைச் சுகாதாரப் பாடத்தில் கற்கும் பிள்ளை, அதனைத் தேர்வுத் தாளில் எழுதுவதோடு நில்லாது, பாட்டியின் கண்ணுக்கு மருந்து விடும் வேளையில் செய்துகாட்டல் வேண்டும். கலைச்சொல்லுக்குப் பொருள் எழுதும் பயிற்சிபோல, வைத்தியசாலைத் தாள் ஒன்றைப் பாட்டிக்கு விளங்கும் தமிழில் பெயர்த்தெழுதும் பயிற்சியையும் வகுப்பிலே கொடுக்கலாம். இலக்கிய வட்டங்களில் உள்ளோர், ஆண்டுக்கு ஒரு மாலையைக் கவியரங்கிலிருந்து கடன்வாங்கி, இத்தகைய தாள்களைத் திருத்தி எழுதுவதற்கு ஒதுக்கலாம். தமிழ்த்தாய் அதனாற் சினவாள்.

மருத்துவன் தூயனாய், மருந்து தூயதாய், பேணுவோர் தூயராய், நோயாளி தன் நோவை மறையாது சொல்பவராய் அமைந்த பின்னரும், பதினாயிரத்தில் ஒரு கண்ணோ இரண்டு கண்ணோ கெடலாம். வேண்டுமானால் அதனை அப்போது ஊழ் என்போம். அந்நால்வருள் ஒருவர் தம் கடமையில் தளர்ந்திருக்கும்போது, அச்சொல்லை எடுத்தாளும் உரிமை நமக்கு இல்லை.